கழுத்துச் சுளுக்கா, ரத்தக்குழாய்க் கிழிசலா? கரையோரத்தில் இருப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது

கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டால் ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை பக்கம் காரணம் தேட வேண்டியதே இல்லை, கைவசம் மூன்று தயாராக இருக்கும்: தலையணை உயரம், வாடைக்காற்று, வலை இழுத்த சுளுக்கு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். தைலம் தேய்த்து நாலு நாள் பொறுத்தால் போய்விடும். மிகச் சிலருக்கு மட்டும் அந்த வலி தசையிலிருந்து வருவதில்லை. கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவர் கிழிந்து அந்த வலி வருகிறது. மருத்துவர்கள் இதை டிசெக்‌ஷன் என்பார்கள். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்த உறைகட்டியில் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போனால் பக்கவாதம்.

அரிதானதுதான். ஒரு வருடத்தில் லட்சம் பேருக்கு இரண்டு மூன்று பேர் என்ற கணக்கு. ஆனால் 50 வயதுக்குள் வரும் பக்கவாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், கால் பங்கு வரை இதனால் வருவதாகச் சொல்கிறார்கள். வருகிறவர்களின் சராசரி வயது 45-ஐ ஒட்டி இருக்கிறது. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, நேற்றுவரை படகு தள்ளிக்கொண்டிருந்த ஆள் என்பதாலேயே வீட்டில் யாருக்கும் பக்கவாதம் என்று தோன்றாது.

இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. கழுத்து வலி தொடங்குவதற்கும் கை கால் விழுவதற்கும் நடுவில் பெரும்பாலும் சில மணி நேரமோ, சில நாளோ இடைவெளி கிடைக்கிறது. பக்கவாதம் வருகிறதென்றால் அநேகமாக முதல் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். அந்த இடைவெளியை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிக் கெடுத்துவிடக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கிழிவது எது

பைபர் படகின் ஓடு பல அடுக்காக ஒட்டப்பட்டது. உள் அடுக்கில் மயிரிழை அளவுக்குக் கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவில் புகுந்து ஓடு உப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டை தெரியாது. ரத்தக்குழாயின் சுவரும் மூன்று அடுக்கு. உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் அடுக்குகளுக்கு இடையில் இறங்கி, சுவர் உள்பக்கமாக உப்பிக் குழாயை அடைக்கிறது. வெளிப்பக்கமாக உப்பினால் பக்கத்து நரம்புகளை நெரிக்கிறது. சில சமயம் உள் அடுக்கு கிழியாமலேயே, சுவருக்குள் ஓடும் நுண்குழாய் கசிந்து இதே நிலை வருவதும் உண்டு.

மூளைக்கு நாலு குழாய் போகிறது. முன்பக்கம் இரண்டு, கரோட்டிட். தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிப்பது அதுதான். ஆனால் கிழிசல் பெரும்பாலும் அங்கே வருவதில்லை. குழாய் இரண்டாகப் பிரிந்த இடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் போல மேலே, மண்டையோட்டை நெருங்கும் இடத்தில்தான் வழக்கமாக வரும். விரல் வைத்துப் பார்த்து “துடிப்பு நல்லா இருக்கு” என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பது அதனால்தான். பின்பக்கம் இரண்டு, வெர்டிப்ரல். இவை கழுத்தெலும்புகளில் இருக்கும் துளைகள் வழியே நூல் கோத்ததுபோல ஏறி, மேலிருக்கும் இரண்டு எலும்புகளிடம் வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. தலையைத் திருப்பும்போது அதிகமாக அசைவது அந்த இரண்டு எலும்புகள்தான். குழாய் இழுபடுவதும் அங்கேதான்.

மண்டைக்குள் போன பிறகு இதே குழாய்களின் வெளிச்சுவர் மெலிந்துவிடும். அங்கே கிழிந்தால் அடைப்பதோடு நிற்காமல் வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் கசியவும் கூடும். வைத்தியம் நேர் எதிராக மாறிவிடும் இடம் இது. பின்னால் மறுபடி வருகிறோம்.

யாருக்கு, எதனால்

பெரிய அடி எதுவும் படாமலே வருவதால்தான் “தானாக” என்கிறார்கள். கேட்டுப் பார்த்தால் பலருக்கு ஒரு சின்னச் சம்பவம் இருக்கும்: விடாத இருமல், படகில் ஓயாத வாந்தி, ஐஸ் பெட்டியை ஒரு பக்கமாகத் தூக்கியது, பின்னால் கூப்பிட்டவரைப் பார்க்கத் தலையை வெடுக்கென்று திருப்பியது. கூரைக்கு அடியில் தலையை அண்ணாந்து நெடுநேரம் பெயின்ட் அடித்தது, பார்லரில் தொட்டி விளிம்பில் கழுத்தைச் சாய்த்துத் தலை அலசியது என்றும் பதிவுகள் உண்டு. சமீபத்தில் சளிக் காய்ச்சல் வந்தவர், ஒற்றைத் தலைவலிக்காரர், ரத்த அழுத்தம் இருப்பவர், பிள்ளை பெற்று சில வாரமே ஆன பெண் ஆகியோருக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். தோல் மெலிந்து ரத்தநாளம் வெளியே தெரிவது, லேசாக இடித்தாலே கன்றிப்போவது, மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது, வீட்டில் இளவயதில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தவர் இருப்பது ஆகியவை பிறவியிலேயே இணைப்புத்திசு பலவீனம் இருப்பதைக் காட்டலாம். மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை.

இந்தப் பட்டியலைப் பார்த்துப் பயந்து வேலையை நிறுத்த வேண்டாம். தினமும் எத்தனையோ பேர் இருமுகிறார்கள், சுமக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை.

ஒன்றை மட்டும் நிறுத்தலாம்: கழுத்தை முறுக்கிச் சொடக்கு எடுப்பது. முடி வெட்டி முடித்ததும் கேட்காமலே தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருகிவிடும் பழக்கம் இன்னும் பல சலூன்களில் இருக்கிறது. நாற்காலியில் உட்காரும்போதே “அண்ணே, கழுத்துல கை வைக்க வேணாம்” என்று சொல்லிவிடுங்கள். சொடக்கு எடுத்ததால் கிழிந்ததா, ஏற்கெனவே கிழிந்து வலித்ததால்தான் சொடக்கு எடுக்கப் போனாரா என்று மருத்துவ உலகில் வாதம் நடக்கிறது. இரண்டில் எது உண்மையானாலும் நமக்கு முடிவு ஒன்றே. புதிதாக வந்த கழுத்து வலியை வைத்துக்கொண்டு யாரிடமும் கழுத்தைக் கொடுக்கக் கூடாது. சுளுக்கு எடுப்பவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி. காலில் சுளுக்கு என்றால் போங்கள்.

வலியைப் பிரித்துப் பார்ப்பது

சுளுக்கு வலிக்கு ஒரு குணம் உண்டு. அசைத்தால் வலிக்கும், அசையாமல் படுத்தால் குறையும், அமுக்கிய இடத்தில் “ஆமா, இங்கதான்” என்று சொல்ல முடியும். கிழிசல் வலி பெரும்பாலும் ஒரே பக்கம். முன்குழாய் என்றால் தாடை ஓரம், காதுக்கு முன்னால், கண்ணைச் சுற்றி, நெற்றிப் பொட்டு. பின்குழாய் என்றால் பிடரி, காதுக்குப் பின்னால். அமுக்கினால் பெரிதாகக் கூடாது, படுத்தாலும் விடாது. வந்தவர்கள் பலரும் ஒரே மாதிரிச் சொல்வது: “இந்த மாதிரி வலி எனக்கு இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல.” தலைவலிக்குப் பழகியவரே இப்படிச் சொன்னால் அந்த வார்த்தையை மதியுங்கள்.

வலியை மட்டும் வைத்து யாராலும் தீர்மானிக்க முடியாது. மூன்றில் ஒருவருக்கு வலி இல்லாமலும் இருக்கலாம். கூட என்ன இருக்கிறது என்பதைத்தான் தேட வேண்டும். வீட்டில் செய்யக்கூடியவை நாலு.

முதலாவது, கண். வெளிச்சம் குறைந்த அறையில், அவர் முதுகு சன்னல் பக்கம் இருக்கும்படி எதிரில் உட்கார வையுங்கள். வலிக்கும் பக்கத்து மேலிமை ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ இறங்கியிருக்கிறதா, கருவிழிக்கு நடுவில் இருக்கும் பாவை அந்தப் பக்கம் சிறுத்திருக்கிறதா என்று பாருங்கள். பளிச்சென்ற வெளிச்சத்தில் இரண்டு பாவையும் சுருங்கிவிடும், வித்தியாசம் மறைந்துவிடும். அரைகுறை இருட்டில்தான் நல்ல கண் விரியும், கெட்ட கண் விரியாமல் நிற்கும். சந்தேகம் இருந்தால் போனில் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிலருக்குப் பிறவியிலேயே இமை ஏற்றத்தாழ்வு உண்டு. முன்குழாயின் சுவரை ஒட்டியே கண்ணுக்குப் போகும் மெல்லிய நரம்புகள் ஏறுகின்றன. குழாய் உப்பினால் முதலில் நசுங்குவது அவைதான். ஒரு பக்கக் கழுத்து வலியும் அதே பக்கத்து இமைச் சரிவும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை கிழிசல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொட்டுமருந்து வாங்கி நாள் கடத்த வேண்டாம்.

இரண்டாவது, காது. இரவில் ஊர் அடங்கிய பிறகு ஒரு காதில் மட்டும் “புஸ்... புஸ்...” என்று கேட்கிறதா என்று கேளுங்கள். கேட்டால், மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு சத்தமும் துடிப்பும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். ஒன்றாக வந்தால் அது குறுகிய குழாயில் ரத்தம் பாயும் சத்தமாக இருக்கலாம். சாதாரண காது இரைச்சல் நாடியோடு சேர்ந்து வராது.

மூன்றாவது, ஐஸ். கரையில் இது எல்லார் வீட்டிலும் இருக்கும். ஒரு துண்டை இரண்டு கன்னத்திலும், பிறகு இரண்டு முன்கையிலும் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சில்லென்று இருக்கிறதா என்று கேளுங்கள். பின்குழாய் அடைபட்டு, மூளையின் அடித்தண்டான முகுளத்தின் ஓரம் கெட்டால் விசித்திரமாக ஒன்று நடக்கும். வலது கன்னத்தில் குளிர் தெரியாது, ஆனால் கையிலோ இடது பக்கத்தில்தான் குளிர் தெரியாது. கை கால் பலம் குறையாமலே இருக்கும். அதனால் “வாதமெல்லாம் இல்ல” என்று அனுப்பிவிடுவார்கள். கூடவே குரல் கரகரத்தல், விழுங்கும்போது புரையேறல், நிற்காத விக்கல் இருந்தால் சந்தேகமே வேண்டாம், கிளம்புங்கள்.

நாலாவது, உட்காருதல். தலைசுற்றுகிறது என்பவரைக் கட்டிலில் கால் தொங்க உட்காரவைத்து, இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கைத்தாங்கல் இல்லாமல் உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கோளாறு மூளையில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காதுக் கோளாறால் வரும் தலைசுற்றலில் வாந்தி எவ்வளவு வந்தாலும் பிடித்துக்கொண்டாவது உட்காருவார், நடப்பார்.

இங்கே ஒரு கசப்பான விஷயம். நாக்கு குழறி, கால் பின்னி, வாந்தி எடுத்தபடி ஓர் ஆண் படகு ஜெட்டியில் விழுந்து கிடந்தால், குடித்திருக்கிறார் என்று ஓரமாகப் படுக்கவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குடித்திருந்தாலும் இருக்கட்டும். குடித்தவருக்கும் குழாய் கிழியும். ஐஸையும் உட்காரும் சோதனையையும் செய்து பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

சங்கு குளிக்கிறவர்களுக்கும் கடல்பாசி எடுக்கிற பெண்களுக்கும் ஒரு சிறு குறிப்பு. மூழ்கி ஏறிய பிறகு வரும் தலைசுற்றல் பெரும்பாலும் காதில் அழுத்தம் ஏறியதால் வருவது. சிலிண்டரோ கம்ப்ரசர் குழாயோ வைத்து மூழ்கியவருக்கு ரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகியும் இதே அறிகுறி வரலாம். எத்தனை பாகம் ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குமிழி நோயா, கிழிசலா என்று பிரிக்க அது வேண்டும்.

கை கால் விழுந்துவிட்டால்

வாய் கோணல், கை கீழே விழுதல், பேச்சு குழறல், திடீர்ப் பார்வை இழப்பு, நிற்க முடியாமை. இதில் எது ஒன்று வந்தாலும் கடிகாரத்தைப் பாருங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? தூங்கி எழும்போதே அப்படி இருந்தால், படுக்கப்போன நேரம்தான் கணக்கு. இதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், மருத்துவமனையில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

நாலரை மணி என்பது கேட்க நிறைய மாதிரி இருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் போல. அங்கிருந்து மதுரை இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். வண்டி வர, ஆளை ஏற்ற, பாலத்தைத் தாண்ட என்று சேர்த்தால் கணக்கு சுருங்கிக்கொண்டே போகும். விடுமுறை நாளில் பாம்பன் சாலைப் பாலத்தில் சுற்றுலா வண்டிகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் “நேரா மதுரைக்கே போயிடுவோம்” என்ற முடிவை வீட்டில் எடுக்காதீர்கள். முதலில் சி.டி. ஸ்கேன் அந்த நேரத்தில் ஓடுகிற பக்கத்து மருத்துவமனை. ஊசியை அங்கே போட்டுவிட்டு, தேவையானால் பிறகு மதுரை. எங்கே ஓடுகிறது என்பதை 108-க்குப் பேசும்போதே கேளுங்கள். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சொந்தக் காரில் போவதானாலும் 108-க்குப் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

செய்யக் கூடாதவை. தண்ணீர், சோடா, டீ எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசை வேலை செய்யாவிட்டால் நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மாரடைப்புக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது. உள்ளே ரத்தக் கசிவா, அடைப்பா என்பது சி.டி. எடுக்கும்வரை கடவுளுக்குத்தான் வெளிச்சம். அழுத்தம் ஏறியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்காதீர்கள். குறுகிய குழாய் வழியே ரத்தத்தைத் தள்ள உடம்பே அழுத்தத்தை ஏற்றி வைத்திருக்கிறது. திடீரென்று இறக்கினால் மூளையில் இன்னும் கொஞ்சம் செத்துப்போகும். கரைப்பான் ஊசிக்கு முன் 185/110-க்குக் கீழே கொண்டுவருவது மருத்துவமனையின் வேலை. சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் பாருங்கள், சர்க்கரை குறைந்தாலும் பக்கவாதம் மாதிரியே காட்டும். மாடப்புறா ரத்தம் தேய்க்கலாமா என்று யாராவது கேட்டால், அவரைத் தெருமுனைக்கு அனுப்பி ஆம்புலன்சுக்கு வழி காட்டச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு வேலை ஆகும்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டதா? அப்போதும் போக வேண்டும். சொல்லப்போனால் அப்போதுதான் அதிகமாகப் போக வேண்டும். கட்டியின் துணுக்கு ஒன்று தானாகக் கரைந்திருக்கிறது, கிழிசல் அப்படியே இருக்கிறது, அடுத்த துணுக்கு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

கடலில் வைத்து நடந்தால்

ஜி.பி.எஸ். கருவியில் அந்த இடத்தைக் குறித்துவிடுங்கள். நேரமும் சேர்ந்து பதிவாகும், பிறகு ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. வலையை ஏற்றிவிட்டுப் போகலாம் என்பது மனிதருக்குத் தோன்றும். மிதவை கட்டி விட்டுவிட்டு வாருங்கள், அல்லது பக்கத்துப் படகிடம் சொல்லிவிடுங்கள். வி.எச்.எப். ரேடியோவில் 16-ஆம் சானலில் கூப்பிடுங்கள். கடலோரக் காவல்படையின் எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. போன் சிக்னல் கிடைத்ததும் கரையில் இருப்பவரிடம் 108-ஐ வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டாம், எந்த ஜெட்டியோ அந்த ஜெட்டிக்கே வரச் சொல்லுங்கள் என்று சொல்லுங்கள்.

எந்த ஜெட்டி என்பதையும் யோசியுங்கள். சொந்த ஊர் என்பதற்காக ராமேஸ்வரத்துக்கே திரும்ப வேண்டாம். ஓட்டம் ஏறக்குறைய சமமென்றால் மண்டபத்தில் இறக்குவது பாலத்தையும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேலான சாலையையும் மிச்சப்படுத்தும்.

படகில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி வெளியே போகட்டும். அலையில் தலை உருளாமல் இரண்டு பக்கமும் சுருட்டிய வலையோ துணியோ அணை கொடுங்கள். கழுத்தில் துண்டை இறுக்கிக் கட்டாதீர்கள். இறக்கும்போது இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினால் தலை பின்னால் தொங்கிவிடும். பலகையில் கிடத்தி, தலைக்கென்று தனியாக ஒருவர் வேண்டும்.

மருத்துவமனையில் என்ன கேட்பது

பெரும்பாலும் தவறிப்போவது இங்கேதான். தலைக்குச் சாதா சி.டி. எடுப்பார்கள். ரத்தக் கசிவு இல்லை, நார்மல் என்று வரும். அந்த “நார்மல்” குழாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கிழிசல் சாதா சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது, புதிய அடைப்புகூட முதல் சில மணி நேரத்தில் தெரியாமல் போகலாம். ஒலி அலையால் ரத்த ஓட்டம் பார்க்கும் கழுத்து டாப்ளர் எடுத்தாலும் தாடைக்கு மேலேயும் எலும்புத் துளைகளுக்குள்ளேயும் அது சரியாக எட்டாது. வேண்டியது, நெஞ்சிலிருந்து உச்சந்தலை வரை கழுத்துக்கும் மூளைக்கும் சேர்த்து, சாய மருந்து ஏற்றிக் குழாய்களைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ. இல்லையென்றால், கொழுப்பின் வெண்மையை அடக்கி எடுக்கும் எம்.ஆர்.ஐ. அதில் குழாயைச் சுற்றிப் பிறைநிலா மாதிரி வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். அடுக்குக்குள் தேங்கிய ரத்தம் அது. முதல் ஓரிரு நாள் அந்தப் பிறை மங்கலாக இருக்கலாம் என்பதால், ஆரம்பத்தில் ஆஞ்சியோதான் கைகொடுக்கும்.

மருத்துவரிடம் நீட்டி முழக்க வேண்டாம். இவ்வளவு போதும்: “சார், மூணு நாளா இடது பக்கம் கழுத்து வலி, இந்த மாதிரி முன்ன வந்ததில்ல. நேத்துலேர்ந்து இடது இமை இறங்கியிருக்கு. இன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு வலது கை விழுந்துச்சு. கழுத்துக் குழாய் கிழிஞ்சிருக்குமோன்னு பயமா இருக்கு, ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கலாமா?” வலி முதலில் வந்தது என்பதை வீட்டார் பெரும்பாலும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கை விழுந்த அதிர்ச்சியில் மூன்று நாளைக்கு முந்தைய கழுத்து வலி யாருக்கு ஞாபகம் வரும்? துப்பு அதில்தான் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு, சாய மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் எதுவானாலும் ஆஞ்சியோவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும்.

வைத்தியம்

நேரத்துக்குள் வந்து, கிழிசல் கழுத்தில் என்றால், கட்டி கரைக்கும் ஊசி போடத் தடையில்லை. கிழிந்த குழாயில் இதைப் போட்டால் ஆபத்து என்ற பழைய தயக்கம் இப்போது இல்லை. அல்டிப்ளேஸ் என்றால் எடைக்கு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், உச்சம் 90. டெனெக்டிப்ளேஸ் என்றால் 0.25, உச்சம் 25. பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியே கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுப்பார்கள். அதற்கு 6 மணி நேரம், படத்தில் மூளை இன்னும் தப்பியிருப்பது தெரிந்தால் 24 மணி வரைகூட. அதற்காகத்தான் மதுரைப் பயணம்.

அடுத்தது, மறுபடி கட்டி சேராமல் பார்ப்பது. ஆஸ்பிரின் வகையா, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின்-வார்பரின் வகையா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த முடிவு இல்லை. 2015-இல் வெளிவந்த ‘கேடிஸ்’ ஆய்வு 250 பேரை வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் வேறுபாடு காணவில்லை. 2021-இல் வந்த ‘ட்ரீட்-கேட்’ ஆய்வால் ஆஸ்பிரின் மற்ற வகைக்குக் குறைந்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை. உங்கள் மருத்துவர் ஒன்றையும் பக்கத்து வீட்டுக்காரரின் மருத்துவர் மற்றொன்றையும் எழுதினால் இருவரும் சரிதான். எதுவானாலும் 3 முதல் 6 மாதம். மண்டைக்குள் கிழிந்து ரத்தம் கசிந்தவருக்கு மட்டும் இது எதுவும் கூடாது. அவருக்குக் குழாய்க்குள்ளேயே போய் அடைக்கும் சிகிச்சை தேவைப்படலாம். இடி விழுந்ததுபோல ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி அதன் அடையாளம்.

வீட்டுக்கு வந்த பிறகு

வார்பரின் எழுதியிருந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் அடிக்கடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். முருங்கைக்கீரை போன்ற கீரைகளை விட்டுவிட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும். ஒரு வாரம் தினமும் கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் அளவு குலையும். மெடிக்கலில் உடம்பு வலிக்கு வாங்கும் டைக்ளோபெனக், அசிக்ளோபெனக் வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது. வயிற்றில் ரத்தம் கசியும். வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால். கறுப்பாகத் தார்போல மலம் போனால் அன்றே மருத்துவமனை.

முதல் மாதம்தான் மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுதல், அப்புறம் வேகமாகக் குறைந்துவிடும். அடுத்த படம் எடுக்கும்வரை தலைச்சுமை, நங்கூரம் இழுப்பது, ஐஸ் பெட்டி, மூழ்குவது எதுவும் வேண்டாம். ரத்தம் உறையாத மருந்தோடு மூழ்கினால் காதிலும் மூக்குப் பொந்திலும் அழுத்தம் ஏறி ரத்தம் வரும், பாறையில் கிழித்துக்கொண்டால் நிற்காது. நடக்கலாம், கரையில் உட்கார்ந்து வலை பின்னலாம், வலையில் மீன் கழிக்கலாம், கணக்கு எழுதலாம். மலச்சிக்கலும் இருமலும் இருந்தால் உடனே வைத்தியம் பாருங்கள், முக்குவதும் இருமுவதும் அதே குழாயைத்தான் இழுக்கும். பீடி, சிகரெட்டை விட வேண்டும் என்பதை இவ்வளவு தூரம் படித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரையை நிறுத்துவது நன்றாக இருப்பதாகத் தோன்றும் நாளில் அல்ல, மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுக்கும் ஆஞ்சியோவைப் பார்த்த பிறகு. குறுகிய குழாய்களில் கணிசமானவை அதற்குள் தாமாகத் திறந்துகொள்கின்றன. முழுதாக அடைத்தவை சில அப்படியே நின்றுவிடும், மற்ற மூன்று குழாய்களும் ஈடுகட்டும். குமிழாக உப்பியது அப்படியே இருந்தாலும் பெரும்பாலும் தொல்லை தராது, ஆனால் கண்காணிப்பு வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கு முதல் முறை எடுத்த ஆஞ்சியோவின் படங்கள் பதிந்த சிடி தட்டு கையில் இருந்தாக வேண்டும். ரிப்போர்ட் தாளை மட்டும் பத்திரப்படுத்திவிட்டுச் சிடியைப் பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிடுகிறார்கள். உப்புக்காற்றில் அது கெட்டும் போகும். வீட்டுக்கு வந்த அன்றே பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள்.